கர்ணம் வீட்டு மூட்டையும் அலுவலக மின்னஞ்சலும்

தமிழ்நாட்டு ஊர்களின் நிலக்கணக்கு 1980 வரை பெரும்பாலும் ஊர்க் கணக்கரான கர்ணத்தின் வீட்டில்தான் இருந்தது. அடங்கல், சிட்டா என்னும் நிலப் பதிவேடுகள் துணிமூட்டையில் கிடக்கும். அப்பாவுக்குப் பின் மகன் அதை அவிழ்ப்பான். வத்தல்மலை போன்ற இடங்களில் இதன் சுமை கூடுதல். தருமபுரியிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், சாமையும் கேழ்வரகும் காப்பியும் விளையும் மலை அது; அங்கு வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். சாலை இல்லாத காலத்தில் ஒரு நகலுக்காக நடந்து இறங்கியவர், கணக்கு வைத்திருப்பவர் ஊரில் இல்லையென்றால் வெறுங்கையோடு ஏற வேண்டியதுதான்.

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டத்தால் கர்ணம் உள்ளிட்ட பகுதிநேர கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தது. 1982இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. அவர்களுக்குப் பதில் வந்த கிராம நிர்வாக அலுவலர் இடமாற்றத்துக்கு உட்பட்டவர். ஆகவே ஒவ்வொரு மாறுதலிலும் பதிவேடுகளைப் பட்டியலிட்டு, கையெழுத்து வாங்கி ஒப்படைக்க வேண்டியதாயிற்று. கணக்கு ஆளை விட்டு இருக்கைக்கு வந்தது. பழைய பதவி ஒழிந்ததைவிட இதுவே ஆழமான மாற்றம்.

அலுவலகங்களுக்கு மின்னஞ்சல் வந்தபோது, பதிவு ஆளோடு ஒட்டிக்கொள்ளும் பழைய வழக்கம் வேறு உருவில் திரும்பியது. கடிதக் காலத்தில் உறையின் மேல் 'வட்டாட்சியர்' என்றாலே போதும். மின்னஞ்சலோ ஒருவரின் சொந்த முகவரியில் தொடங்கப்பட்டு, அவர் போனதும் பூட்டிக்கொண்டது. 2015இல் அறிவிக்கப்பட்ட மத்திய அரசின் மின்னஞ்சல் கொள்கை, ஆளின் பெயரில் ஒரு முகவரியும் பதவியின் பெயரில் ஒன்றும் வைத்துக்கொள்ள வழிசெய்தது. பதவி முகவரி அடுத்து வருபவருக்குப் போகும்.

மென்பொருள் உரிமத்திலும் இதே சிக்கல்தான். முன்பு உரிமம் பெட்டியோடு வந்த தாள். பீரோவில் இருந்தால் சரி. ஆண்டுச் சந்தா முறையில் அது ஒரு மின்னஞ்சல் கணக்கில் தொங்குகிறது. புதுப்பிக்கும் அறிவிப்பும் கடவுச்சொல் மீட்பும் அங்கேயே போகும். வாங்கிப் பதிந்த ஊழியர் விலகினால், பணம் கட்டிய நிறுவனமே தன் உரிமத்தைக் காட்ட முடியாமல் நிற்கும். காட்டுவது அவசியமும்கூட: 1994 திருத்தத்தால் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்ந்த 63பி பிரிவு, திருட்டு நகல் என்று தெரிந்தே கணினியில் மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் விதிக்கிறது.

இன்று கவனமான அலுவலகங்கள் உரிமத்தைப் பதவி முகவரியில் பதிந்து, இருவருக்கு அணுகல் தந்து, உரிம எண்ணையும் புதுப்பிக்கும் தேதியையும் ஒரு பதிவேட்டில் எழுதி வைக்கின்றன. பொறுப்பு மாறும் நாளில் அந்தப் பதிவேடும் கையெழுத்தோடு கை மாறுகிறது.