தம்புள்ளையில் காட்டோரத் தங்குமிடத் தொழில்

இலங்கையின் மாத்தளை மாவட்டத்தில், தம்புள்ளை, கண்டலம, சிகிரியா பகுதிகளின் காட்டோரங்களிலும் குளக்கரைகளிலும் மரக்குடில், மண்வீடு, கூடாரம் முதலியவற்றை அமைத்துப் பயணிகளை இராத்தங்க வைக்கும் சுற்றுலாத் தொழில். தம்புள்ளை, கண்டி–யாழ்ப்பாண வீதியும் (ஏ9) திருகோணமலை வீதியும் (ஏ6) சந்திக்கும் ஊர். 1982இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த சிகிரியாவும், 1991இல் சேர்ந்த தம்புள்ளைக் குகைக் கோயிலும் ஒன்றுக்கொன்று அருகில் உள்ளன. மின்னேரியா, கவுடுல்ல தேசியப் பூங்காக்களும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. பகலில் பார்க்க இத்தனை இருப்பதால் பயணி எப்படியும் இங்கே ஓரிரவு தங்குகிறார். அந்த இரவை எங்கே, எப்படிக் கழிப்பது என்பதில்தான் இத்தொழில் பிறக்கிறது.

முன்னோடிகள்

இயற்கையோடு இராத்தங்கல் இவ்வூருக்குப் புதிதன்று. தம்புள்ளை மலையில் கி.மு. காலத்திலேயே பௌத்தத் துறவிகள் குகைகளில் வாழ்ந்தனர். குகை வாயிலுக்கு மேலே பாறையில் ஒரு விளிம்பை வெட்டிவிட்டால், மழைநீர் உள்ளே வழியாமல் வெளியே சொட்டும். தங்குமிடத்தின் முதல் வேலை நீருக்கு வழி காட்டுவது என்பதை அந்த விளிம்பை விடத் தெளிவாக எதுவும் சொல்லிவிட முடியாது.

மரக்குடிலுக்கும் இங்கே வேர் உண்டு. காட்டை வெட்டி எரித்துச் சேனைப் பயிர் செய்வோர் யானையையும் பன்றியையும் விரட்ட மரத்தின் மேல் பரண் கட்டி இரவு முழுதும் விழித்திருப்பார்கள். சங்கக் குறிஞ்சிப் பாடல்களில் தினைப்புனம் காக்கும் பெண் அமரும் ‘இதணம்’ இதன் உறவுதான். இன்று மரக்குடில் கட்ட நினைப்பவர் அதற்குரிய இடத்தையும் உயரத்தையும் ஒரு சேனைக்காரரிடம் கேட்டறிவது நல்லது. யானையின் துதிக்கை எட்டும் உயரம் அவருக்குத் தெரியும்.

மூன்று எடுத்துக்காட்டுகள்

1963இல் சாம் பொபம் என்ற ஆங்கிலேயத் தேயிலைத் தோட்டக்காரர் கண்டலம வீதியோரம் பற்றைக்காடாகக் கிடந்த நிலத்தில் ஒரு மரவளாகம் தொடங்கினார். கன்றுகளை நட்டு வளர்க்கும் வழி உலர் வலயத்தில் எளிதாய்ப் பலிக்கவில்லை. பிறகு அவர் கையாண்ட முறை இதுதான்: முட்புதரை மட்டும் பார்த்துப் பார்த்து வெட்டி, அதனடியில் தாமாக முளைத்துக் கிடந்த நாட்டு மரங்களுக்கு வெயிலும் இடமும் கொடுத்தார். பாலையும் வீரையும் முதிரையும் கருங்காலியும் எழும் காடு இப்படித்தான் மீண்டது. 1989இல் வளாகம் அடிப்படை ஆய்வுகளுக்கான நிறுவகத்தின் கைக்கு வந்தது. இங்கே இரவு நடையில் தேவாங்கைப் பார்க்கலாம். புதிதாக இத்தொழிலில் இறங்குவோர் முதலில் போய்ப் பார்க்க வேண்டிய இடம் இது என்பதே இக்கட்டுரையின் கருத்து. அறை கட்டும் செலவில் ஒரு சிறு பகுதிகூட இல்லாமல், பொறுமையால் மட்டும் ஒரு காடு கிடைக்கும் என்பதற்கு இது கண்முன் நிற்கும் சான்று.

கண்டலம குளத்தை நோக்கிப் பாறைச் சரிவில் நிற்கும் ஹோட்டல், கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் (1919–2003) ஆக்கம். முதலில் பேசப்பட்ட இடம் சிகிரியாவுக்கு அருகில் இருந்தது. அதை மறுத்து இவ்விடத்தைத் தேர்ந்தவர் அவரே. 1992இல் பிக்குகளும் ஊராரும் சுற்றாடல் ஆர்வலரும் எதிர்ப்பில் இறங்கினர். ஊரார் நம்பியிருக்கும் குளத்தில் கழிவு கலந்துவிடும், புனித இடத்தின் அமைதி கெடும் என்பவை அவர்களின் அச்சங்கள். ஹோட்டல் 1994இல் திறக்கப்பட்டது. தூண்கள் மேல் நிற்பதால் மலையிலிருந்து வழியும் மழைநீர் கட்டடத்துக்கு அடியில் தடையின்றி ஓடுகிறது. கூரையிலும் முகப்பிலும் செடிகொடி படர்ந்திருக்கிறது. சுற்றாடலுக்கு இசைந்த கட்டடம் என்று இந்த ஹோட்டல் பெற்ற நற்பெயருக்கு அந்த எதிர்ப்பும் காரணம் என்று கொள்வதே நியாயம். கேள்வி கேட்கும் ஊர் இருந்தால் கழிவுநீரைப் பற்றி முதலாளி முன்கூட்டியே யோசிக்க வேண்டி வரும்.

சிகிரியாவுக்கு அருகே 2006இல் திறக்கப்பட்ட வில் உயன என்ற ஹோட்டல், கைவிடப்பட்ட விளைநிலத்தில் சதுப்பு நிலத்தைப் புதிதாக உருவாக்கி, அதன் நடுவே குடில்களை அமைத்தது. வடிவமைத்தவர் சுனேலா ஜயவர்தன. நீர் வந்ததும் பறவைகள் வந்தன. வளாகத்து மரங்களில் சாம்பல் தேவாங்குகள் இருப்பது தெரிந்தபின் அவற்றுக்கென ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. தேவாங்கு தாவுவதில்லை, கிளைக்குக் கிளை கை மாற்றியே நகரும். இடையில் ஒரு மரத்தை வெட்டினால் அதன் பாதையே அறுந்துவிடும்.

காணியும் அனுமதியும்

தொடங்குவோர் பலர் இடறுவது காணியில்தான். குடியேற்றத் திட்டங்களில் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணிகள், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்டவை. தனியார் காணி போல அவற்றை விருப்பப்படி விற்கவோ குத்தகைக்கு விடவோ முடியாது. வயல்நிலத்தை நிரப்பக் கமநல அபிவிருத்திச் சட்டம் (2000) இடம் தராது. குளத்தைச் சுற்றிய ஒதுக்கு நிலம் தனியாருக்கு உரியதல்ல. தேசிய ஒதுக்கிடங்களின் எல்லையிலிருந்து ஒரு மைலுக்குள் கட்டுவதற்கு வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். நிலத்தில் பழைய கற்றூண் ஒன்று தென்பட்டாலும் தொல்லியல் திணைக்களத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

வணிகப் பெயர் பதிவு, உள்ளூராட்சி சபையின் கட்டட அனுமதி, இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் பதிவு ஆகியன வழக்கமான படிகள். 99 அறைக்கு மேற்பட்ட ஹோட்டல்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு நடைமுறை உண்டு. நாலைந்து குடில் கட்டுபவரைப் பொதுவாக அது தொடாது. ஆனால் பத்துப் பேர் ஒரே குளத்தைச் சுற்றி நாலைந்து குடில் கட்டினால், குளத்துக்கு அது ஒரு பெரிய ஹோட்டலுக்குச் சமம்.

இரவின் நடைமுறை

மின்னேரியாவில் யானைகள் கூடும் காலம் வறண்ட மாதங்கள், குறிப்பாக ஆகஸ்ட், செப்டெம்பர். பூங்காக்கள் மாலையில் மூடிவிடும். ஆனால் யானைகளுக்கு எல்லை இல்லை. நெல் மூட்டை, உப்பு, பழுத்த பலா, சமையலறைக் கழிவு எல்லாமே அவற்றை அழைக்கும். ஆகவே எஞ்சிய உணவை அன்றன்றே அப்புறப்படுத்துவதும், யானைப்பாதையில் வேலி போடாமல் குடிலைத் தள்ளிக் கட்டுவதும் இத்தொழிலின் பால பாடம். விருந்தினருக்குக் காட்டுவதற்காக உணவு வைத்து யானையை வரவழைப்பது பெருந்தீங்கு. இன்று பழகிய யானை நாளை பக்கத்து ஏழையின் மண்சுவரை இடிக்கும்.

குளங்களில் முதலை உண்டு. குளிக்கும் துறையை ஊராரிடம் கேட்டே காட்ட வேண்டும். உலர் வலயத்தின் பல இடங்களில் கிணற்று நீரில் கடினத்தன்மையும் ஃபுளோரைட்டும் கூடுதல் என்பதால் குடிநீரைச் சோதிப்பது அவசியம். இரவு நடைக்குச் சிவப்பு வெளிச்சமே பயன்படுத்தப்படுகிறது. வெள்ளை வெளிச்சம் தேவாங்கின் கண்ணைக் கூசச் செய்யும். உணவுக்கு வெளியே தேட வேண்டியதில்லை: குரக்கன் பிட்டு, குளத்துத் திலாப்பியா, தாமரைக் கிழங்குக் கறி, நகரின் மொத்த மரக்கறிச் சந்தையில் நாள்தோறும் வந்திறங்கும் காய்கறி.

வருமானம்

மேற்குக் கடற்கரைக்கு டிசம்பர் முதல் மார்ச் வரையும், கிழக்குக் கடற்கரைக்கு மே முதல் செப்டெம்பர் வரையும் பயணிகள் வருவர். இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் தம்புள்ளைக்கு இரு பருவங்களும் கைகொடுக்கின்றன. ஆனாலும் தொழில் நாட்டின் நிலைமையோடு ஏறி இறங்குவது. இலங்கைக்கு 2018இல் 23 இலட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் வந்தனர். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளையும் கொரோனாவையும் அடுத்து 2021இல் அது 2 இலட்சத்துக்கும் கீழே போனது. 2024இல் மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. சரிவு கண்ட அந்த ஆண்டுகளில் வங்கிக் கடனில் கட்டியவர்களைவிட, வயலையும் தோட்டத்தையும் கைவிடாமல் வீட்டோடு ஓரிரு குடில் வைத்திருந்தவர்களுக்கே தாக்குப்பிடிக்க வழி இருந்தது. விருந்தினர் வராத மாதத்திலும் அவர்களின் குரக்கன் விளைந்தது.