ஏ-40 காரும் அதன் முன் வில்களும்

தமிழில் வில் என்பது போர்க்கருவியாக மட்டும் நின்றுவிடவில்லை. மாட்டுவண்டியின் கீழ் இரும்புத் தகடுகளை வளைத்து அடுக்கிக் குலுக்கத்தைக் குறைத்தபோது அதனை வில்லுவண்டி என்றார்கள். மோட்டார் வாகனம் வந்த பின்பும் அந்தச் சொல் பொருந்தியே இருந்தது. சிட்னியிலும் மெல்பேர்ணிலும் பழைய கார்களைப் பேணும் நம்மவர் சிலருக்கு இன்று அந்த வில்லே சிக்கலாகியுள்ளது. முன்பக்கச் சுருள்வில் தளர்ந்து கார் மூக்குக்குப்புறச் சாய்ந்து நிற்கிறது. புதிதாக எந்த வில்லைப் போடுவது? தொழிற்சாலைப் புத்தகம் சொல்வதையா, ஊரில் போட்டதையா? இக்கேள்விக்கு விடை தேடும்போது நாங்கள் ஒரு வரலாற்றையும் தேட வேண்டியிருக்கிறது.

இரண்டாம் உலகப் போரின் பின் கடனில் மூழ்கியிருந்த பிரித்தானியா, தன் கார்களைக் கடல் கடந்து விற்றே டொலர் தேடியது. ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலைக்கே உருக்கு ஒதுக்கப்பட்டது. இந்த நெருக்கடியின் பிள்ளைதான் 1947இல் வந்த ஒஸ்ரின் ஏ-40 டெவன். 1952இல் அதன் இடத்தைச் சோமசெற் பிடித்தது. 1954இல் கேம்பிரிட்ஜ் வந்தது. இக்கார்கள் கொழும்புக்கும் வந்தன, அவுஸ்திரேலியாவுக்கும் வந்தன. யாழ்ப்பாணத்து வாடகைக்கார் தரிப்பிடத்தில் நின்ற அதே கார், மெல்பேர்ணில் பொருத்தப்பட்டு இந்நாட்டுத் தெருக்களிலும் ஓடியது. 1948 நவம்பர் 29ஆம் திகதி, மெல்பேர்ணின் பிஷர்மன்ஸ் பென்டில் பிரதமர் பென் சிவ்லி முதலாவது ஹோல்டனை அறிமுகம் செய்தார். அதற்கும் முன்பக்கம் சுருள்வில்தான். மொறிஸ் மைனருக்கு இது பொருந்தாது. அதன் முன்பக்கத்தைத் தாங்குவது முறுக்குத் தண்டு. அதற்குச் சுருள்வில் தேடி அலைவதில் பயனில்லை.

காரின் முன்பக்கத்துக்குச் சுருள்வில் பரவலாக வந்தது 1934இல். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய மொறிஸ் ஒலி என்ற பிரித்தானியப் பொறியியலாளருக்கு அதில் பெரும் பங்குண்டு. அவர் கண்ட உண்மை எளிமையானது. மேட்டில் முதலில் முன்சில்லு ஏறுகிறது, பின்சில்லு சற்றுத் தாமதித்து ஏறுகிறது. பின்பக்கம் முன்பக்கத்தைவிடச் சற்று வேகமாக ஆடினால், தாமதத்தை ஈடுசெய்து கார் மட்டமாக அமரும். முன்வில்லை மிகக் கடினமாக்கினால் இந்த ஒழுங்கு குலைந்து கார் குதிரைபோல் தாவும்.

இனி ஊருக்கு வருவோம். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இலங்கையில் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்படும்வரை இருந்த கார்களைத் திருத்தித் திருத்தியே ஓட்ட வேண்டியிருந்தது. 1990இல் போர் மீண்டும் மூண்டபோது வடக்குக்கு எரிபொருள் தடை வந்தது. அப்போது ஏ-40களும் கேம்பிரிட்ஜ்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிது பெற்றோல் விட்டு இயந்திரத்தை முடுக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அமுக்க விகிதம் குறைந்த அந்தப் பழைய இயந்திரம் அதனைப் பொறுத்துக்கொண்டது. நான்கு பேருக்கெனச் செய்த கார் எட்டுப் பேரையும் மூட்டைகளையும் சுமந்தது. தளர்ந்த வில்லின் சுற்றுகளுக்கு இடையே பழைய ரயர் றப்பரை வெட்டிச் செருகியதையும், வில்லின் அடியில் இரும்பு வளையம் வைத்து உயர்த்தியதையும் நாங்கள் கண்டிருக்கிறோம். அந்தச் சுமைக்கும் அந்தத் தெருவுக்கும் அது நியாயமான வைத்தியம்.

அதே வைத்தியத்தை இங்கு செய்யலாமா என்பதே கேள்வி. இங்கு நம்மவரின் ஏ-40 பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை ஓடுகிறது. முன்னால் இருவர், பின்னால் வயதான தாயோ தந்தையோ. தெரு தார்த்தெரு. ஊரின் கடினமான வில்லை இங்கு போட்டால் முதுகெலும்புதான் அதை உணரும்.

தெரிவு செய்யும்போது சில விடயங்களைக் கவனிக்க வேண்டும். முதலில், தாழ்வுக்கு வில்தான் காரணமா என்று பார்க்க வேண்டும். தேய்ந்த றப்பர் புஷ்களும் அளவு மாறிய ரயரும் காரைத் தாழ்த்தும். சமதரையில் நிறுத்தி, சில்லின் மையத்திலிருந்து மட்காட் விளிம்புவரை இரு பக்கமும் அளக்க வேண்டும். அடுத்து, வழக்கமான ஆட்களை ஏற்றி முன்பக்க நிறையை நிறுத்துக்கொள்ள வேண்டும். வில் சில்லின் நேர்மேலே இல்லை, கீழ்க்கையின் உட்புறத்தில் இருக்கிறது. ஆகவே சில்லில் விழும் சுமையைவிட வில்லில் விழும் சுமை அதிகம். கையின் நடுவில் வில் இருந்தால் அது இரட்டிப்புச் சுமையைத் தாங்கும். சில்லில் உணரப்படும் கடினமோ வில்லின் கடினத்தில் நாலில் ஒன்றுதான்.

பலரும் அறியாத ஒன்றுண்டு. தளர்ந்த வில் தன் உயரத்தை இழக்கிறதே தவிர, கடினத்தை ஏறத்தாழ இழப்பதில்லை. எனவே பழைய வில்லை மாதிரியாகக் கொடுத்து இங்குள்ள வில் பட்டறைகளில் சுருட்டிக்கொள்ளலாம். துரு தின்னாத இடத்தில் கம்பியின் தடிப்பையும், சுருளின் விட்டத்தையும், வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கையையும் அதிலிருந்து எடுக்கலாம். நீளத்தை மட்டும் எடுக்கக்கூடாது. அது சுமையையும் வேண்டிய உயரத்தையும் கொண்டு கணக்கிடப்பட வேண்டியது. கம்பித் தடிப்பின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கடினம் கூடும். 12 மில்லிமீற்றர் கம்பியை 12.6 ஆக்கினால் தடிப்பில் கூடுவது 5 வீதம், கடினத்திலோ 21 வீதத்துக்கும் மேல். ஏ-40இன் பழைய நெம்புகோல் வகைச் சொக் அப்சோபர் அதனை அடக்கத் திணறும்.

சுற்றை வெட்டிக் குறைப்பதும், தீச்சுவாலையால் சூடாக்கித் தாழ்த்துவதும் ஆகாது. வெட்டினால் கடினம் கூடும். சூடாக்கினால் உருக்கின் பதம் கெடும். இரண்டு வில்லையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அமுக்கப்பட்ட வில் கைதவறினால் ஆளைக் கொல்லும். தகுந்த கருவியின்றித் தொடவேண்டாம்.

ஹோல்டனுக்கு இவ்வளவு தேடல் தேவையில்லை. அந்நிறுவனம் 2017 ஒக்டோபரில் இந்நாட்டில் உற்பத்தியை நிறுத்திவிட்டபோதும், அதன் பழைய கார்களுக்கு வில்கள் அளவுவாரியாக விற்கப்படுகின்றன. கழகங்கள் இருக்கின்றன, கையேடுகள் இருக்கின்றன. விக்ரோறியாவில் 25 வருடத்துக்கு மேற்பட்ட கார்களுக்குக் கழகத்தின் வழியாக 45 நாள் அல்லது 90 நாள் ஓட்ட அனுமதி கிடைக்கிறது. ஒரு சமூகம் தன் இயந்திரங்களை எழுத்திலும் சட்டத்திலும் காத்துக்கொள்கிறது.

நம்மிடம் அது இல்லை. தடைக்காலத்தில் வடக்கின் கார்களை ஓடவைத்த மெக்கானிக்குகளின் அறிவு எந்தக் கையேட்டிலும் ஏறவில்லை. எந்த லொறியின் வில்லை எதற்குப் பயன்படுத்தினார்கள், எத்தனை பேருக்கு எவ்வளவு உயர்த்தினார்கள், மண்ணெண்ணெய்க்காகக் காபரேற்றரில் எதை மாற்றினார்கள் என்பதெல்லாம் அவர்கள் கையிலும் நினைவிலும்தான். சிலர் மறைந்துவிட்டார்கள். சிலர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இங்கேயும் வேறு தொழில் செய்து ஓய்வுபெற்றிருக்கிறார்கள். போரின் வரலாற்றை எழுதும் நாம், அந்தக் காலத்தில் கர்ப்பிணிகளையும் காயக்காரரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசேர்த்த கார்களின் கீழே படுத்துக்கிடந்தவர்களை இதுவரை கேட்கவில்லை. அவர்களைத் தேடிப்போய், அளவுகளோடும் பெயர்களோடும் எழுதிக்கொள்வோம். இங்கு நமக்கு வேண்டிய வில்லை இங்குள்ள சுமையை நிறுத்தே தெரிவுசெய்யலாம். அங்கு என்ன செய்தார்கள் என்பதை அவர்களிடம்தான் கேட்கலாம்.