தலைவர் மட்டுமே எழுதலாம்

1950 மார்ச் இறுதியில், இமயமலைக்குப் புறப்படவிருந்த பிரெஞ்சுக் குழுவினர் பாரிஸில் பிரெஞ்சு ஆல்பைன் சங்க அலுவலகத்தில் கூடினார்கள். பயண ஏற்பாட்டுக் குழுவின் தலைவர் லூசியன் தெவி ஒவ்வொருவரையும் சத்தியம் செய்யச் சொன்னார். என்ன நேர்ந்தாலும் குழுத்தலைவர் மொரீஸ் எர்ஸோக்கின் சொல்லுக்குக் கட்டுப்படுவேன் என்பதே சத்தியம். அது வாய்மொழி. எழுத்தில் இன்னொரு நிபந்தனையும் இருந்தது: பயணம் முடிந்து ஐந்து ஆண்டுகள்வரை, தலைவரைத் தவிர வேறு யாரும் இதைப் பற்றி எதையும் வெளியிடக் கூடாது.

கையெழுத்துப் போட்டவர்களில் லூயி லாஷெனால், லியோனெல் தெரே, காஸ்தோன் ரெபுஃபா மூவரும் ஷாமோனியில் மலை வழிகாட்டிகளாகப் பிழைத்தவர்கள். லாஷெனாலும் தெரேயும் 1947இல் ஐகர் சிகரத்தின் வடமுகத்தை ஏறியிருந்தார்கள். உலகிலேயே அதற்கு முன் ஒரே ஒரு முறைதான் அந்த முகம் ஏறப்பட்டிருந்தது. மலையில் அவர்களுக்கு எர்ஸோக்கைவிட அனுபவம் அதிகம். ஆனால் மலையில் நடந்ததைச் சொல்லும் உரிமை அவர்களிடம் இல்லை. மலையேற்ற நூல்களை விரும்பிப் படிப்பவர்கள் இந்த ஒரு நிபந்தனையின் வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் பெரிய இமயமலைப் புத்தகங்களில் யார் பேசினார்கள், யார் பேசவில்லை என்பதைப் பல முறை தீர்மானித்தது அதுதான்.

நிபந்தனை பிரெஞ்சுக்காரர்கள் கண்டுபிடித்ததல்ல. அது பிறந்ததற்குக் காரணம் பணம். ஆல்ப்ஸில் ஏற இரண்டு நண்பர்களும் ஒரு வழிகாட்டியும் போதும். எட்வர்ட் விம்பர் 1865இல் மேட்டர்ஹார்னை ஏறினார். இறங்கும்போது கூட வந்தவர்களில் நால்வர் விழுந்து இறந்தார்கள். 1871இல் அவரே புத்தகம் எழுதி, அவரே செதுக்குப் படங்களும் செய்தார். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. இமயமலை அப்படியல்ல. கப்பல் கட்டணம், கூடாரங்கள், பல மாத உணவு, நூற்றுக்கணக்கான சுமைகூலிகள் என்று செலவு மலைபோல் குவிந்தது. 1921இல் முதல் எவரெஸ்ட் பயணத்தை அனுப்பிய லண்டன் குழு, 'டைம்ஸ்' நாளிதழுக்குச் செய்தி உரிமையை விற்றது. புத்தகமும் சொற்பொழிவுகளும் அடுத்த வருமானம். விற்ற சரக்கை இன்னொருவர் இலவசமாகக் கொடுத்துவிடக் கூடாதல்லவா? குழுவின் அனுமதியில்லாமல் பத்திரிகைக்கு எழுதுவதில்லை, மேடையில் பேசுவதில்லை என்று உறுப்பினர்களிடம் எழுதி வாங்கினார்கள். 1924இல் பட உரிமைக்காக மட்டும் ஜான் நோயல் 8,000 பவுன் கொடுத்தார் என்றால் அந்தச் சந்தையின் அளவு புரியும்.

இந்த ஏற்பாட்டுக்கு முதலில் பலியானவர் ஜார்ஜ் ஃபின்ச். 1922 எவரெஸ்ட் பயணத்தில் ஆக்ஸிஜன் உதவியோடு அதுவரை எந்த மனிதரும் எட்டாத உயரத்தைத் தொட்டவர் அவர். தன் அனுபவத்தைப் பற்றித் தானே உரையாற்றலாம் என்று நினைத்தார். குழு ஒப்பந்தத்தைக் காட்டியது. தகராறு முற்றியது, 1924 பயணத்தில் அவருக்கு இடமில்லை. அன்றைய பிரிட்டனில் ஆக்ஸிஜன் கருவியை அவரைப்போல் அறிந்தவர் வேறு யாரும் இல்லை. அவர் இல்லாமல் போன பயணத்தில்தான் மல்லரியும் இர்வினும் அதே கருவியைச் சுமந்துபோய்த் திரும்பாமல் போனார்கள்.

அந்தக் காலத்து அதிகாரபூர்வ நூல்களுக்கு ஓர் அச்சு உண்டு. தலைவர் பெயர் அட்டையில். முக்கியமான ஏற்றத்தை ஏறியவரே எழுதும் ஓர் அத்தியாயம் உள்ளே. கடைசியில் உணவு, உடை, உடல்நலம் பற்றிய பின்னிணைப்புகள். மல்லரி 1921 நூலிலும் ஹிலாரி 1953 நூலிலும் அப்படித்தான் எழுதினார்கள். சச்சரவு, பயம், பொறாமை எதுவும் அவற்றில் பெரிதாக இராது. 1922இல் பனிச்சரிவில் ஏழு சுமைகூலிகள் இறந்தார்கள். தலைவர்கள் அதற்காக வருந்தியது உண்மை, எழுதியதும் உண்மை. ஆனால் கூட இருந்து உயிர் பிழைத்த கூலி ஒருவர் அந்த மதியத்தை எப்படிக் கண்டார் என்பது எந்தப் பக்கத்திலும் இல்லை.

மறுபடி 1950க்கு வருவோம். குழுவுக்கு இரண்டு இலக்குகள்: தௌலகிரி, அல்லது அன்னபூர்ணா. தௌலகிரி ஏறவே முடியாததாகத் தோன்றியது. அன்னபூர்ணாவையோ முதலில் கண்டுபிடிக்கவே வேண்டியிருந்தது, கையிலிருந்த வரைபடம் அவ்வளவு பிழை. வாரக்கணக்கில் அலைந்து வழி தேடி, பருவமழை நெருங்கும் நேரத்தில் ஏறத் தொடங்கினார்கள். ஜூன் 3 அன்று எர்ஸோக்கும் லாஷெனாலும் 8,091 மீட்டர் உச்சியில் நின்றார்கள், ஆக்ஸிஜன் இல்லாமல். எட்டாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட சிகரம் ஒன்றில் மனிதர் கால் வைத்தது அதுவே முதல் முறை.

இறங்கும்போது எல்லாம் குலைந்தது. பையில் எதையோ எடுக்கக் கையுறைகளைக் கழற்றினார் எர்ஸோக். அவை சரிவில் உருண்டு மறைந்தன. பைக்குள் மாற்றுக் காலுறை இருந்தது. அதைக் கையில் மாட்டிக்கொள்ளலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. வெறும் கையோடு நடந்தார். மேல்முகாமில் காத்திருந்த தெரேயும் ரெபுஃபாவும் இரவு முழுக்க இருவரின் உறைந்த கைகால்களையும் தேய்த்தும் கயிற்று நுனியால் அடித்தும் ரத்தம் ஓட வைக்கப் பார்த்தார்கள். மறுநாள் பனிப்புயலில் வழி தவறி, நால்வரும் ஒரு பனிப்பிளவுக்குள் இரவைக் கழித்தார்கள். விடியலில் மேலிருந்து சரிந்த பனி அவர்களை மூடியது. புதைந்த காலணிகளைத் தோண்டித் தேட வேண்டியிருந்தது. தெரேக்கும் ரெபுஃபாவுக்கும் பனிக்கூச்சத்தால் கண் தெரியவில்லை.

பிறகு கூலிகளின் முதுகில் பல வாரப் பயணம். வழியிலேயே மருத்துவர் ஊதோ அழுகிய விரல்களை ஒவ்வொன்றாக வெட்டினார். இந்திய ரயிலில்கூட அறுவை நடந்தது. எர்ஸோக் கைவிரல்களையும் கால்விரல்களையும் இழந்தார். லாஷெனால் கால்விரல்கள் அனைத்தையும் இழந்தார்.

எழுதக் கையில்லாத எர்ஸோக், பாரிஸை ஒட்டிய நுய்யியில் அமெரிக்க மருத்துவமனைப் படுக்கையிலிருந்து வாயால் சொல்லச் சொல்ல உருவானதுதான் 'அன்னபூர்ணா'. 1951இல் வெளிவந்தது. போரில் தோற்று, ஆக்கிரமிப்பில் கிடந்து எழுந்த பிரான்ஸுக்கு அது ஒரு வெற்றிக் கதையைக் கொடுத்தது. பல மொழிகளில் ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றதாகக் கணக்குச் சொல்கிறார்கள். மலையேற்ற நூல்களில் அதற்கு இணை சொல்வது கடினம். எர்ஸோக் பின்னாளில் தெகோல் அரசில் விளையாட்டுத் துறைப் பொறுப்பை வகித்தார், ஷாமோனியின் மேயராகவும் இருந்தார்.

நல்ல புத்தகம் அது. இன்றும் கீழே வைக்க விடாது. வலியை மறைக்காமல் சொல்கிறது. தன் பலவீனங்களையும் சொல்கிறது. ஆனால் அதில் லாஷெனால் பொறுமையற்றவர், முன்கோபி, நிலைகுலைபவர். உச்சிக்குச் சற்றுக் கீழே லாஷெனால் கேட்ட கேள்வி புகழ்பெற்றது: நான் திரும்பினால் நீ என்ன செய்வாய்? தனியாகப் போவேன் என்கிறார் எர்ஸோக். அப்படியானால் நானும் வருகிறேன் என்கிறார் லாஷெனால். இரண்டு நண்பர்கள் ஒரே கனவில் கலந்துவிட்டதாக அந்த இடத்தைப் படிக்கிறோம். கேள்வி கேட்டவர் மனத்தில் என்ன இருந்தது என்பதை அவர் வாயால் கேட்க வழியில்லை.

ஒப்பந்தம் கட்டுப்படுத்தாத ஒருவர் அந்த மலையில் இருந்தார். ஷெர்பாக்களின் சர்தார், அதாவது தலைவர், அங் தார்க்கே. 1930களிலிருந்து எரிக் ஷிப்டன், டில்மன் போன்றோருடன் இமயம் முழுக்க நடந்தவர். உச்சிக்கு எங்களோடு வா என்று எர்ஸோக் அழைத்தபோது, கால் உறையத் தொடங்கிவிட்டது என்று சொல்லி நன்றியோடு மறுத்தவர். அவர் வாழ்க்கைக் கதை, அவர் சொல்ல இன்னொருவர் எழுதி, 1954இல் பிரெஞ்சில் வந்தது. அடுத்த ஆண்டு டென்சிங் நோர்கேயின் தன்வரலாறு வந்தது. டென்சிங் பல மொழிகள் பேசுவார். எழுதப் படிக்கத் தெரியாது. அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் ராம்சே உல்மன் கேட்டு எழுதினார். எவரெஸ்ட் உச்சியில் முதலில் கால் வைத்தது யார் என்று உலகமே நச்சரித்துக்கொண்டிருந்த கேள்விக்கு அதில்தான் டென்சிங் நேராகப் பதில் சொன்னார்: ஹிலாரி முதலில், நான் அடுத்து. அந்தப் பதிலால் இந்தியாவிலும் நேபாளத்திலும் தன்னைக் கொண்டாடியவர்கள் வருந்துவார்கள் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தே சொன்ன அந்த நேர்மைக்காகவே அந்தப் புத்தகம் அலமாரியில் முன்வரிசைக்கு உரியது.

இத்தாலியில் காயம் ஆழமானது. 1954 ஜூலையில் அர்தீதோ தேசியோ தலைமையிலான குழுவின் லாச்செதெல்லியும் கொம்பாஞ்ஞோனியும் கே2 உச்சியை அடைந்தார்கள். அதற்கு முந்தைய இரவு, அவர்களுக்கான ஆக்ஸிஜன் உருளைகளைச் சுமந்து சென்ற 24 வயது வால்தர் போனாட்டியும் ஹன்ஸா பகுதிக் கூலி அமீர் மஹ்தியும், சொன்ன இடத்தில் கூடாரம் இல்லாததால் 8,100 மீட்டர் உயரத்தில் பனி மூடிய மலைச்சரிவில் வெட்டவெளியில் கிடந்தார்கள். கூடாரமும் இல்லை, உறங்கு பையும் இல்லை. மஹ்தி கால்விரல்களை இழந்தார். தலைவரின் நூல் அந்த இரவை லேசாகக் கடந்துபோனது. ஆக்ஸிஜன் உச்சிக்கு வெகு முன்பே தீர்ந்துவிட்டது என்றும் சொன்னது. பத்தாண்டு கழித்து ஒரு நாளிதழ், போனாட்டியே அந்த ஆக்ஸிஜனைப் பயன்படுத்திவிட்டார் என்று குற்றம் சாட்டியது. அவதூறு வழக்குத் தொடுத்து வென்றார் போனாட்டி. ஆனாலும் அதிகாரபூர்வக் கதை மாறவில்லை.

அதை அசைத்தது ஒரு புகைப்படம். ராபர்ட் மார்ஷல் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் 1990களில் உச்சிப் படங்களைக் கூர்ந்து பார்த்தார். கொம்பாஞ்ஞோனியின் முகத்தில் ஆக்ஸிஜன் முகமூடி. லாச்செதெல்லியின் முகத்தில், முகமூடி இருந்த வடிவத்திலேயே உறைபனி. வெகுநேரம் முன்பே தீர்ந்துபோன உருளையின் முகமூடியை யார் மாட்டிக்கொண்டிருப்பார்கள்? 2004இல் லாச்செதெல்லியே ஒரு நூலில், கூடாரம் வேண்டுமென்றே மேலே தள்ளி அமைக்கப்பட்டது என்று ஒப்புக்கொண்டார். அதன் பிறகே இத்தாலிய ஆல்பைன் சங்கம் போனாட்டியின் பக்கத்தை ஏற்றது. அப்போது அவர் எழுபதைத் தாண்டியிருந்தார். மஹ்தி 1999இலேயே இறந்துவிட்டிருந்தார்.

ஜெர்மன் பயணங்களிலும் இதே கதை. 1970இல் நங்க பர்பத்தில் தம்பி குந்தரை இழந்த ரைன்ஹோல்ட் மெஸ்னர், மறு ஆண்டே புத்தகம் எழுதினார். பயண ஒப்பந்தத்தை மீறியது என்று நீதிமன்றம் அதன் விற்பனையைத் தடுத்தது. சொந்தத் தம்பியின் சாவைப் பற்றி எழுத ஒருவருக்கு அனுமதி வேண்டியிருந்தது என்பதைவிட இந்த வழக்கத்தின் கொடுமையைக் காட்ட வேறு உதாரணம் தேவையில்லை.

வழக்கம் தளர்ந்ததற்கும் காரணம் பணம்தான். 1970களில் குழுக்கள் சிறுத்தன. நாட்டின் மானத்தைக் காக்கும் பெரிய சங்கங்களை நம்ப வேண்டிய அவசியம் குறைந்தது. 1975 அமெரிக்க கே2 குழுவின் உள்சண்டைகளை கேலன் ரொவெல் 1977இல் ஒளிவு மறைவின்றி எழுதினார். ஆர்லீன் ப்ளம் தலைமையில் 1978இல் அன்னபூர்ணா சென்ற பெண்கள் குழு, வாசகம் அச்சிட்ட டி-ஷர்ட்களை விற்றே பெரும்பணம் திரட்டியது. ஆனாலும் ப்ளம் 1980இல் எழுதிய நூல் வெற்றியோடு நிற்கவில்லை. ஷெர்பாக்களோடு வந்த மனக்கசப்பு, தலைமைப் பொறுப்பில் தனக்கிருந்த தயக்கம், இரண்டாவது அணியாக ஏறிய இரு தோழியர் இறந்தது எல்லாம் அதில் உண்டு. 1996 மே மாத எவரெஸ்ட் புயலுக்குப் பின் நிலைமை தலைகீழ். ஜான் கிராகவர் 1997இல் எழுதினார். அவர் குறைசொன்ன வழிகாட்டி அனடோலி பூக்ரீவ் அதே ஆண்டில் பதில் நூல் கொண்டுவந்தார். இரண்டையும் படித்துவிட்டு வாசகரே தீர்ப்புச் சொல்லலாம் என்ற நிலை அப்போதுதான் வந்தது.

லாஷெனாலின் முறை அதே 1996இல் வந்தது. அவர் 1955 நவம்பரில் ஷாமோனிக்கு மேலே பனிச்சறுக்கில் பிளவுக்குள் விழுந்து இறந்தார். தன் நாட்குறிப்புகளோடு அன்னபூர்ணா பற்றிய குறிப்புரையையும் எழுதி வைத்திருந்தார். 1956இல் அது நூலானது. தொகுத்தவர் எர்ஸோக்கின் தம்பி. உறுத்தலான பகுதிகள் தெவி, எர்ஸோக் கண்காணிப்பில் நீக்கப்பட்டிருந்தன. மகன் காத்து வைத்த மூலப்பிரதியை ஷாமோனியின் சிறு பதிப்பாளர் மிஷேல் கெரான் நாற்பது ஆண்டுகள் கழித்து முழுமையாக அச்சிட்டார். பிரெஞ்சுப் பத்திரிகைகள் அல்லோலகல்லோலப்பட்டன. இளமையில் எர்ஸோக்கின் நூலைப் படித்தே மலையேறப் போன அமெரிக்கர் டேவிட் ராபர்ட்ஸ், இந்த ஆவணங்களை வைத்து 2000இல் தனி நூலே எழுதினார்.

நீக்கப்பட்ட பக்கங்களில் லாஷெனால் யாரையும் வசைபாடவில்லை. தன் கால்கள் உறைவதை அன்று காலையிலேயே உணர்ந்ததாகவும், வழிகாட்டிக்குக் கால்தான் பிழைப்பு என்பதால் எந்தச் சிகரத்துக்காகவும் அவற்றைக் கொடுக்க மனமில்லை என்றும் சொல்கிறார். எர்ஸோக் தனியாக மேலே போனால் திரும்பமாட்டார் என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. கூட வந்தவனைத் தனியே விடக் கூடாது என்ற ஒரே காரணத்துக்காகத்தான் மேலே நடந்தார். தேசத்தின் பெருமை அவர் கணக்கில் இல்லை.

இப்போது அந்த ஜூன் 3ஐ எர்ஸோக்கின் நூலிலும், லாஷெனாலின் குறிப்புகளிலும், இருவரையும் மேல்முகாமில் ஏற்றுக்கொண்ட தெரே 1961இல் எழுதிய தன்வரலாற்றிலும் அடுத்தடுத்துப் படிக்கலாம். 2016இலிருந்து அங் தார்க்கேயின் நூலும் ஆங்கிலத்தில் கிடைக்கிறது.