ஆன்சல் என்ற ஒற்றைப் பெயர்

முதல் கென்டக்கி டெர்பி 1875 மே 17 அன்று லூயிவில் நகரில் நடந்தது. ஜெயித்த குதிரை ஆரிஸ்டைடிஸ். தகப்பன் லீமிங்டன், தாய் சரோங், தாயின் தகப்பன் லெக்சிங்டன். வம்சாவளிப் பதிவேட்டைப் புரட்டினால் அதற்கும் முந்தைய தலைமுறைகள் வரிசையாக வந்துவிடும். அந்தக் குதிரையைத் தயார் செய்த டிரெயினர் ஆன்சல் வில்லியம்சன், வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர். அவரைப் பின்னோக்கித் தேடிப்போனால் 1865ஐத் தாண்டியதும் குடும்பப் பெயர் உதிர்ந்துவிடுகிறது. மிச்சம் 'ஆன்சல்' மட்டும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கைகொடுக்காது. 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் உடைமையாளரின் பெயர் இருக்கும். அடியில் வயது, பால், நிறம். தாய் பெயருக்குக் கட்டமே கிடையாது. ஆகவே மனிதரை விட்டுவிட்டுக் குதிரைகளைப் பிடித்துக்கொண்டேன். 1850களில் அலபாமாவில் கோல்ட்ஸ்பி என்பவரின் பிரவுன் டிக், வேகத்துக்குப் பேர்போன குதிரை. அதைப் பழக்கியவர் ஆன்சல். பிறகு கென்டக்கியின் கீன் ரிச்சர்ட்ஸ் அவரை வாங்குகிறார்; 1864இல் வுட்பர்ன் பண்ணையின் ராபர்ட் அலெக்சாண்டர். குதிரைகளைப் போலவே ஆன்சலும் கைமாறிக்கொண்டிருந்தார்.

அதே ஆண்டு எட்வர்ட் டிராய் தீட்டிய ஓவியம்தான் எனக்குக் கிடைத்த நல்ல சாட்சி. தோல்வியே காணாத ஆஸ்டராய்டு என்ற குதிரை நடுவில். உடன் ஆன்சலும் ஒரு ஜாக்கிச் சிறுவனும். லிங்கனின் 1863 பிரகடனம் கென்டக்கியைக் கட்டுப்படுத்தவில்லை. அங்கே அடிமைமுறை ஒழிய 1865 டிசம்பர் ஆயிற்று. படத்தில் குதிரையும் சொத்து, அருகில் நிற்கும் இருவரும் சொத்து.

அந்தச் சிறுவன் எட்வர்ட் பிரவுன். ஓட்டத்தில் சூரன் என்பதால் அவனுக்கு வைத்த பட்டப்பெயர் பிரவுன் டிக். ஆம், அலபாமாவில் ஆன்சல் பழக்கிய அதே குதிரையின் பெயர்! பட்டியல்கள் அறுத்துவிட்ட இழையை ஒரு கேலிப்பெயர் முடிந்து வைத்திருக்கிறது.

விடுதலைக்குப் பின் வில்லியம்சன், பிரைஸ் மெக்ராத்தின் லாயத்தில் டிரெயினர். 1873இல் அவர் பழக்கிய டாம் பௌலிங் என்ற குதிரை டிராவர்ஸ் பந்தயத்தை வென்றது. 1875 டெர்பியில் ஓடியவை 15 குதிரைகள். 13 ஜாக்கிகள் கறுப்பர்கள். மெக்ராத் நம்பியிருந்தது செசபீக் என்ற இன்னொரு குதிரையை. ஆலிவர் லூயிஸ் ஏறிய ஆரிஸ்டைடிஸ் முந்திக்கொண்டது. கடைசி வளைவில் மெக்ராத் கையசைத்து 'போ' என்றாராம்; டெர்பிக் கதைகளில் பிரபலமான காட்சி இது. எனக்கென்னவோ அதே ஆண்டின் பெல்மாண்ட் பந்தயம்தான் பெரிது: முதலிடம் கால்வின், இரண்டாமிடம் ஆரிஸ்டைடிஸ். இரண்டும் வில்லியம்சன் கைப்பட வளர்ந்தவை. அதற்குக் கையசைப்பு போதாது.

1881இல் வில்லியம்சன் இறந்தார். ஓவியத்துச் சிறுவன் பிரவுன் 1870 பெல்மாண்டை ஜாக்கியாக வென்றவர். 1877 டெர்பியை வென்ற பேடன்-பேடனுக்கு டிரெயினர். சரடோகா ஸ்பிரிங்ஸிலுள்ள பந்தயப் புகழ்மண்டபத்தில் அவர் 1984இலேயே இடம்பெற்றுவிட்டார். வில்லியம்சனின் முறை 1998இல்தான் வந்தது. அவர் பிறந்த ஆண்டு அப்போதும் உத்தேசக் கணக்குதான்.