கணினி நிரல் திடீரென நின்றால் அனுப்பும் அறிக்கை எங்கே போகிறது?

கோப்பெங் – ‘பயர்பாக்ஸ் எதிர்பாராமல் நின்றுவிட்டது, அறிக்கை அனுப்பலாமா?’ என்று ஒரு சின்னப் பெட்டி திரையில் வரும். உதவித்தொகை விண்ணப்பத்தைப் பாதி நிரப்பிய நிலையில் இருக்கும் பெற்றோரும், கம்பார் வளாகத்திற்குப் பாட வேலை அனுப்பும் அவசரத்தில் இருக்கும் மாணவரும் அதை எரிச்சலோடு மூடிவிடுவதே வழக்கம். ஆனால், பயர்பாக்ஸ், லிப்ரெஓபிஸ், உபுண்டு போன்ற திறந்த மூல மென்பொருள்களை உருவாக்குபவர்களுக்கு அந்த அறிக்கை ஒரு முக்கியமான தடயம்.

நிரல் நின்ற அந்த நொடியில் அது எந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது, அந்த வேலையை எது ஏவியது, அதற்கு முன் எது என்ற வரிசையே அறிக்கையின் உயிர்நாடி. பயனரின் கணினியில் இருக்கும் நிரலில் இந்த வேலைகளின் பெயர்கள் இருக்காது. இடத்தை மிச்சப்படுத்த அவற்றை நீக்கியே வெளியிடுவார்கள். அதனால் அறிக்கை வெறும் எண்களாகத்தான் போய்ச் சேரும். மறுமுனையில் உள்ள கணினி, தன்னிடம் இருக்கும் பெயர்ப் பட்டியலோடு ஒப்பிட்டு எண்களைப் பெயர்களாக மாற்றுகிறது. பயர்பாக்ஸின் அறிக்கைகளுக்கு இதைச் செய்வது மொசில்லாவின் ‘சொகோரோ’.

அடுத்து வருவது வெள்ளம். ஒரே பிழை ஆயிரக்கணக்கானவர்களின் கணினியை நிறுத்தினால், ஒவ்வொரு அறிக்கையையும் மனிதர் படிக்க முடியாது. ஆகவே நின்ற இடத்தின் பெயரைக் கொண்டு ஒவ்வோர் அறிக்கைக்கும் ஓர் ‘அடையாளம்’ இட்டு, ஒரே அடையாளம் உள்ளவற்றை ஒரே கட்டாகக் கட்டுகிறார்கள். பெரிய கட்டு முதலில் கவனிக்கப்படும். இந்தக் கணக்குக்குக் காரணம் உண்டு. 2002-இல் மைக்ரோசாப்ட் தன் வாடிக்கையாளர்களுக்கு எழுதிய கடிதத்தில், ஒரு விழுக்காட்டுப் பிழைகளே பாதி செயலிழப்புகளை உண்டாக்குகின்றன என்று வியந்து குறிப்பிட்டது.

உபுண்டு 2006-இல் ‘அப்போர்ட்’ என்ற கருவியைக் கொண்டுவந்தது. சோதனைப் பதிப்புகளில் இருந்து அது அனுப்பும் புகார் முதலில் பிறர் பார்க்க முடியாதபடியே பதிவாகும். ஒரு தானியங்கி நிரல் அதைத் திறந்து, பெயர்களைச் சேர்த்து, ஏற்கெனவே வந்த புகாரா என்று பார்த்து, கூடவே வந்த நினைவகப் படியை அழித்துவிடும். கேடிஈ திட்டத்தின் ‘டாக்டர் கொன்கி’ இன்னும் சுவாரஸ்யமானது. கிடைத்த விவரம் உதவுமா உதவாதா என்று அதுவே நட்சத்திரம் கொடுத்து மதிப்பிடும். விவரம் போதாவிட்டால் புகார் செய்ய விடாது. சம்பளம் இன்றி ஓய்வு நேரத்தில் உழைப்பவர்களின் நேரத்தைக் காப்பதற்கான ஏற்பாடு இது.

பெரிய கட்டுக்கு முன்னுரிமை என்ற இந்த முறை தமிழர்களுக்கு அவ்வளவு சாதகமானதல்ல. ‘கோப்பெங்’ என்ற ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். கணினி அதைச் சேமிக்கும்போது ‘க’ முதலில் வரும், ஓகாரக் குறி பிறகு வரும். திரையிலோ அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து ‘க’வின் இருபுறமும் நிற்க வேண்டும். இந்த வேலையைச் செய்வது ‘ஹார்ப்பஸ்’ என்ற திறந்த மூல நிரல். பயர்பாக்ஸ், லிப்ரெஓபிஸ், ஆண்ட்ராய்டு மூன்றும் அதையே நம்பியிருக்கின்றன. தமிழ் எழுத்துருவில் மட்டும் தலைகாட்டும் ஒரு பிழை, உலகக் கணக்கில் மிகச் சிறிய கட்டாகவே விழும்.

எழுத்து ஒரு கருவியை நிறுத்துவது கற்பனையல்ல. 2018 பிப்ரவரியில் ஒரே ஒரு தெலுங்குக் கூட்டெழுத்து வந்த செய்தி ஐபோன் செயலிகளை நிறுத்தியது. அது திறந்த மூல மென்பொருள் அல்ல. ஆனால் உலகச் செய்தியாகிவிட்டதால், அதே மாதம் 19-ஆம் தேதி ஆப்பிள் திருத்தத்தை வெளியிட்டது. செய்தியாகாத பிழைக்கு அந்த வேகம் கிடைக்காது. ஹார்ப்பஸைப் பொறுத்தவரை ஓர் ஆறுதல்: கூகுள் 2016-இல் தொடங்கிய ‘ஓஎஸ்எஸ்-பஸ்’ திட்டம், தாறுமாறான எழுத்துருக் கோப்புகளை அந்த நிரலுக்குள் இடைவிடாமல் செலுத்தி, பயனர் கையில் சிக்கும் முன்பே பிழைகளைத் தேடுகிறது.

எனவே அறிக்கைப் பெட்டியில் உள்ள கருத்துக் கட்டத்தைக் காலியாக விடாமல் இருப்பது நல்லது. ‘தமிழில் தட்டிக்கொண்டிருந்தேன், கொம்பு போட்டதும் நின்றது’ என்ற அளவுக்கு எளிய ஆங்கிலத்தில் ஒரு வரி போதும். எண்களைப் பார்க்கும் நிரலாளருக்கு அந்த மொழிச் சூழல் தானாகத் தெரியாது. மீண்டும் மீண்டும் நின்றால், பயர்பாக்ஸின் முகவரிக் கட்டத்தில் அபௌட், முக்காற்புள்ளி, கிராஷஸ் மூன்றையும் இடைவெளியின்றி ஆங்கிலத்தில் தட்டினால் பழைய அறிக்கைகளின் பட்டியல் வரும். அந்த எண்ணைச் சேர்த்து மொசில்லாவின் ‘பக்சில்லா’வில் தனிப் புகார் கொடுக்கலாம். அறிக்கை அனுப்பியதாலேயே புகார் பதிவாகிவிடாது, இரண்டும் வேறு.

எச்சரிக்கையும் தேவை. நினைவகப் படியில் அந்த நேரம் திறந்திருந்த கடிதம், கடவுச்சொல், வங்கி விவரம் எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். மொசில்லாவில் அனுமதி பெற்றவர் மட்டுமே அதைப் பார்க்க முடியும் என்றாலும், வங்கிப் பக்கத்தில் இருந்தபோது நின்றிருந்தால் ‘இருந்த பக்கத்தின் முகவரியையும் சேர்’ என்ற குறியை எடுத்துவிடலாம். பொது இடத்தில் புகார் எழுதும்போது அறிக்கைக் கோப்பை அப்படியே இணைக்கக் கூடாது. மைகார்டு எண்ணையும் கருத்துக் கட்டத்தில் எழுத வேண்டியதில்லை.

எல்லாச் செயலிழப்பும் நிரலின் குற்றமல்ல. பழைய மடிக்கணினியில் நினைவகம் தீர்ந்துபோனாலும் இதே பெட்டிதான் வரும். மொசில்லா அவற்றுக்குத் தனி அடையாளமே வைத்திருக்கிறது. அப்போது திறந்திருக்கும் பக்கங்களைக் குறைப்பதே முதல் வைத்தியம். கொடுத்த புகார் ‘ஏற்கெனவே உள்ளது’ என்று மூடப்பட்டால், நிராகரித்துவிட்டார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. அது பழைய கட்டோடு சேர்க்கப்பட்டிருக்கிறது. அந்தக் கட்டு ஒன்று கூடியிருக்கிறது.