லேக் ஜெனீவாவில் பிளாக்மூர் (1972)

மேசையைச் சுற்றி அமர்ந்து ஒவ்வொருவரும் ஒரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்று ஆடும் விளையாட்டுகளின் வரலாறு, 1974இல் வெளியான ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டிலிருந்தே பெரும்பாலும் எழுதப்படுகிறது. விற்பனைக்கு வந்த முதல் விளையாட்டு அது என்பதால் இதில் பெரிய தவறில்லை. ஆனால் அதற்கு ஓராண்டுக்கும் மேல் முன்னதாகவே, அச்சிட்ட விதிநூல் எதுவுமின்றி, ஓர் ஊரின் ஆட்டக்காரர் இன்னோர் ஊரின் ஆட்டக்குழுவுக்கு இத்தகைய விளையாட்டை நேரில் ஆடிக்காட்டினார். 1972ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் இது நடந்தது.

இரு ஊர்கள், இரு குழுக்கள்

லேக் ஜெனீவா குழுவின் மையம் கேரி கைகாக்ஸ். காப்பீட்டுத் துறையில் பணியாற்றி 1970இல் வேலையிழந்தவர். பின்னர் காலணி பழுதுபார்த்துப் பிழைத்தவர். அவர் வீட்டின் நிலவறையில் பெரிய மணல் மேசை ஒன்று இருந்தது. அதன்மேல் சிறு பொம்மை வீரர்களை நகர்த்தி இடைக்காலப் போர்களை ஆடுவது குழுவின் வழக்கம். ஜெஃப் பெரனுடன் சேர்ந்து அவர் எழுதிய ‘செயின்மெயில்’ (1971) என்ற விதிநூலில் ஒரு பொம்மை இருபது வீரர்களைக் குறித்தது. நூலின் இறுதியில் மந்திரவாதிகளும் டிராகன்களும் இடம்பெறும் ஒரு பின்னிணைப்பும் இருந்தது. எவ்வாறாயினும் ஆட்டம் என்றால் இரு படைகள், ஒரு களம், ஒரு வெற்றி.

மினசோட்டா மாநிலத்தின் இரட்டை நகரங்களான மினியாபொலிஸ், செயின்ட் பால் பகுதிக் குழுவினர் வேறு பாதையில் போயிருந்தனர். 1969இல் டேவிட் வெஸ்லி என்பவர், நெப்போலியன் காலத்துக் கற்பனை ஜெர்மானிய நகரான ‘பிரவுன்ஸ்டைன்’ பற்றி ஓர் ஆட்டம் நடத்தினார். படைத்தலைவர் தவிர நகரத் தலைவர், வங்கியாளர் முதலிய வேடங்களையும் அவர் ஆட்டக்காரர்களுக்குக் கொடுத்தார். அவர்களோ போரை மறந்து ஆளுக்கொரு பக்கம் பேரமும் சதியும் பேசத் தொடங்கினர். ஆட்டம் குழம்பிவிட்டதென்று வெஸ்லி நினைத்தார். ஆடியவர்கள் மறுபடியும் வேண்டும் என்றனர். அவர்களுள் ஒருவரான டேவ் ஆர்னசன் 1971இல் ‘பிளாக்மூர்’ என்ற கற்பனை நாட்டையும், அதன் கோட்டைக்கடியில் சுரங்க அறைகளையும் படைத்து, தாமே நடுவராக இருந்து ஆட்டம் நடத்தினார். ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு பாத்திரம். அது வாரந்தோறும் தொடர்ந்து, அனுபவத்தால் வலுப்பெறும். ஒரே அடியில் பாத்திரம் மடிவதை எவரும் விரும்பாததால், கப்பற்போர் ஆட்டங்களில் கப்பல் சிறிது சிறிதாகச் சேதமடையும் முறையை மனிதர்களுக்கும் பொருத்தியதாக ஆர்னசன் பின்னாளில் கூறினார்.

அந்த ஆட்டம்

கைகாக்ஸும் ஆர்னசனும் ஏற்கெனவே அறிமுகமானவர்கள். கடற்போர் விதிநூல் ஒன்றில் சேர்ந்து உழைத்தவர்கள். ஆர்னசனும் அவர் நண்பர் டேவிட் மெகாரியும் ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்து லேக் ஜெனீவா வந்தனர். சுரங்க ஆட்டத்தையே பலகை விளையாட்டாக மாற்றி மெகாரி உருவாக்கியிருந்த ஒன்றும் உடன் வந்தது.

கைகாக்ஸ், அவர் மகன் ஏர்னி, ராப் குன்ட்ஸ், டெர்ரி குன்ட்ஸ் ஆகியோர் ஆட அமர்ந்தனர். போர் விளையாட்டில் பழுத்த இவர்களுக்கு இதில் பழகிய பிடிமானங்கள் எவையும் இல்லை. வரைபடம் நடுவரிடம் மட்டுமே இருந்தது. முன்னால் என்ன தெரிகிறது என்று அவர் சொல்வார். என்ன செய்கிறோம் என்று இவர்கள் சொல்ல வேண்டும். எதிர்ப்படை இல்லை, வெற்றிக் கணக்கும் இல்லை. விதிகளை விளக்கிவிட்டு ஆட்டத்தைத் தொடங்குவது அக்குழுவின் பழக்கம். இங்கோ விதிகளை அறியாமலே ஆட முடிந்தது. புதியதொன்றை ஒரு குழு ஏற்கத் தயங்குவதற்கு விதிகளின் சுமையே பெரும்பாலும் காரணம் என்பதால், இதைச் சிறிய செய்தியாகக் கொள்ள முடியாது.

ஏட்டில் ஏறியது

கைகாக்ஸ் உடனே விதிகளைக் கேட்டார். ஆர்னசனிடமிருந்து வந்தவை ஏறத்தாழ இருபது பக்கக் குறிப்புகள்தாம். ஆட்டத்தின் பெரும்பகுதி அவர் தலைக்குள் இருந்தது. கைகாக்ஸ் சில வாரங்களில் சுமார் ஐம்பது பக்க வரைவொன்றை எழுதினார். தம் ‘கிரேஹாக்’ கோட்டையில் பிள்ளைகள் ஏர்னியையும் எலிஸையும் முதலில் ஆடவைத்தார். விரைவில் குன்ட்ஸ் சகோதரர்களும் நண்பர் டான் கேயும் சேர்ந்தனர். 1973 அக்டோபரில் கைகாக்ஸும் கேயும் ‘டிஎஸ்ஆர்’ நிறுவனத்தைத் தொடங்கினர். 1974 ஜனவரியில் மூன்று சிறு நூல்கள் அடங்கிய பெட்டி பத்து டாலர் விலையில் வந்தது. அச்சிட்டவை 1000 படிகள்.

ஆடிப் பார்க்காமல் நூலை மட்டும் வாங்கியவர்கள் திணறினர். அரிசோனாவைச் சேர்ந்த கென் செயின்ட் ஆண்ட்ரே, விதிகள் புரியாமல் தாமே எளிமையாக எழுதியதுதான் ‘டன்னல்ஸ் அண்ட் டிரோல்ஸ்’ (1975). லேக் ஜெனீவாக் குழுவுக்கு ஒரே அமர்வில் விளங்கியதை எழுத்தில் கொண்டுவருவது அவ்வளவு கடினமாக இருந்தது. அந்த எழுத்து வேலையைச் செய்தவர் கைகாக்ஸ் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் எழுதியவரையே படைத்தவராகக் கொள்ளும் வழக்கம் ஆர்னசனைப் பின்னுக்குத் தள்ளியது. ‘அட்வான்ஸ்டு’ என்ற அடைமொழியுடன் வந்த விரிந்த பதிப்பு வேறொரு விளையாட்டு என்று நிறுவனம் வாதிட, உரிமைத்தொகையும் பெயரும் கோரி அவர் 1979இல் வழக்குத் தொடுத்தார். வழக்கு 1981இல் சமரசத்தில் முடிந்தது. முதல் விளையாட்டின் இணைப்படைப்பாளர்களாக இருவர் பெயரும் ஏற்கப்பட்டன.