செல் துண்டும் எம்.ஆர்.ஐ காந்தமும்



எங்கள் தெருவில் ஒரு பெரியவருக்கு நாரி வருத்தம். எம்.ஆர்.ஐ எடுக்கச் சொல்லியிருக்கினம். அவருடைய மகள் எங்களிடம் வந்து, "சேர், அதுவும் எக்ஸ்ரே மாதிரிக் கதிரோ?" என்று கேட்டார். பேச்சோடு பேச்சாக, வாப்பாவின் கழுத்துப் பக்கம் 1990 கோட்டைச் சண்டையில் பட்ட செல் துண்டு இன்னும் இருக்கிறது என்றார். ஆஸ்பத்திரியில் அதைச் சொல்லவில்லையாம். காயத்தைச் சொன்னால் எங்கே பட்டது, எப்படிப் பட்டது என்று கேள்வி வருமே என்ற பழைய பயம்.

அந்தப் பயம் நமக்கும் தெரியும். ஆனால் இந்த மெசினுக்கு முன்னால் அது ஆபத்து. ஏன் என்று விளங்க அதன் வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

எம்.ஆர்.ஐயில் எக்ஸ்ரே கதிர் இல்லை. நம் உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். தண்ணீரில் ஐதரசன், அதன் கருவில் ஒரு புரோத்தன். ஒவ்வொரு புரோத்தனும் ஒரு குட்டிக் காந்தம். பெரிய காந்தத்துக்குள் ஆளைப் படுக்க வைத்தால் அவற்றில் சிறு பங்கு கூடுதலாக ஒரு திசைக்குச் சாய்கிறது. பிறகு சரியான மீடிறனில் ரேடியோ அலையை அனுப்பினால் அவை புரண்டு, திரும்பி வரும்போது தாங்களே ஒரு மெல்லிய சமிக்ஞை தருகின்றன. கொழுப்பு, தசை, நோய் பிடித்த இடம் என்று ஒவ்வொன்றிலும் திரும்பும் வேகம் வேறு. ஆண்டு பத்துப் பிள்ளைகளுக்கு ஊஞ்சலை வைத்துத்தான் இதைச் சொல்லுவோம். அதன் ஆட்டத்துக்கு இசைவாகத் தள்ளினால்தான் ஊஞ்சல் உயரும்.

இந்தச் சமிக்ஞையை 1946 இல் அமெரிக்காவில் பிளொக், பேர்செல் இருவரும் தனித்தனியே கண்டார்கள். 1952 இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் சமிக்ஞை எந்த இடத்திலிருந்து வருகிறது என்று தெரியாமல் படம் எடுக்க முடியாதே. கால் நூற்றாண்டு அப்படியே போனது. 1971 செப்டெம்பரில் போல் லோட்டபர் ஒரு சாப்பாட்டுக் கடையில் இருந்தபோது வழி தோன்றியது. காந்தப் புலத்தை ஒரு பக்கம் கூட்டி, மறுபக்கம் குறைத்தால் இடத்துக்கு இடம் மீடிறன் மாறும். மீடிறனே முகவரி ஆகிவிடும். அவருடைய கட்டுரையை 'நேச்சர்' சஞ்சிகை முதலில் திருப்பி அனுப்பி, பிறகு 1973 இல் வெளியிட்டது. முதற்படம் இரண்டு சின்னத் தண்ணீர்க் குழாய்கள்தான். மகள் கடற்கரையில் பொறுக்கிய ஒரு சின்ன மட்டியையும் படம் பிடித்தார். இங்கிலாந்தின் பீற்றர் மான்ஸ்பீல்ட் படத்தை வேகமாக எடுக்கும் கணக்கைக் கொடுத்தார். 2003 இல் இருவருக்கும் நோபல். 1977 யூலையில் முதலாவது மனித உடல் ஸ்கானை எடுத்த டமேடியனுக்கு இல்லை. அவர் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் போட்டுச் சண்டை பிடித்தார்.

ஸ்கான் நேரம் கேட்கும் தட்டல் சத்தம், புலத்தைக் கூட்டிக் குறைக்கும் அந்தச் சுருள்கள் அதிர்வதால் வருவது. பயப்பட ஒன்றுமில்லை.

பயப்பட வேண்டியது இரும்புக்குத்தான். வழமையான 1.5 தெசுலா காந்தம் பூமியின் காந்தத்தைவிட 30,000 மடங்குக்கும் மேல் வலியது. திரவ ஈலியத்தில் குளிரூட்டிய மீகடத்திச் சுருள் என்பதால் ஸ்கான் நடக்காத நேரத்திலும் இழுத்துக்கொண்டே இருக்கும். 2018 ஜனவரியில் மும்பையில் ஒட்சிசன் சிலிண்டரோடு அந்த அறைக்குள் போன ஒருவர் இறந்தார். 1986 இல் வெளிவந்த ஒரு மருத்துவ அறிக்கையில், கண்ணுக்குள் இரும்புத் துகள் இருந்த ஒருவர் ஸ்கானுக்குப் பிறகு அந்தக் கண்ணின் பார்வையை இழந்ததைப் பதிந்திருக்கிறார்கள். செல் துண்டு பெரும்பாலும் உருக்கு. கண், முள்ளந்தண்டு, பெரிய இரத்தக்குழாய் பக்கம் இருந்தால் அது அசைவதும் சூடாவதும் விளையாட்டல்ல.

துண்டு இருந்தாலே ஸ்கான் கூடாது என்பதில்லை. எங்கே, என்ன உலோகம் என்று பார்த்து டொக்டர்மார் முடிவெடுப்பார்கள். அதற்கு அவர்களுக்குத் தெரிய வேண்டும். நம் ஆட்களிடம் பழைய துண்டும் இல்லை, எக்ஸ்ரே படமும் இல்லை. அந்த ஒக்டோபரில் இரண்டு மணித்தியாலத்தில் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டவர்கள் எதை எடுத்தார்கள்? ஆகவே வாயால்தான் சொல்ல வேண்டும். பேஸ்மேக்கர், எலும்பில் வைத்த தகடு, இடுப்பில் கட்டிய தாயத்துக்கூடு, ஹிஜாப் ஊசி எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

பெரியவர் போய்ச் சொல்லிவிட்டார். எப்படிப் பட்டது என்று ஒருவரும் கேட்கவில்லையாம். முதலில் ஒரு எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னார்களாம்.